மாமாவின் அணி மட்டும் தெரியாத தொலைக்காட்சி

என் மாமனார் ரொறொன்ரோவிலிருந்து வந்து எங்களோடு மூன்று மாதம் இருப்பதற்கு ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார். நிபந்தனை என்றுகூடச் சொல்ல முடியாது. தொலைபேசியில் மகனிடம் ஒரு கேள்வியாகக் கேட்டார்.

"தம்பி, அங்கை பேஸ்போல் வருமோ?"

என் கணவர் அப்போது வேலைக்குப் போகும் அவசரத்தில் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். "இது பாரிஸ், அப்பா. இஞ்சை வராத சனல் எண்டு ஒண்டு இருக்கே?" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். அங்கே யாராவது ஒன்றைக் கேட்டால் அரை மணித்தியாலத்தில் தட்டில் வைத்துக் கொடுத்துவிடலாம். பேஸ்போல் அப்படிக் கொடுக்கக்கூடிய பண்டம் இல்லை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்களுக்கு மாமா கட்டாயம் வேண்டியிருந்தார். என் பிள்ளை வளர்ப்பு விடுப்பு செப்டெம்பரில் முடிகிறது. மகளுக்குக் கிறெஷ் என்ற குழந்தைகள் காப்பகத்தில் இடம் நவம்பர் கடைசியில்தான். இடையில் அவளை யார் வைத்திருப்பது? என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. மாமி காலமாகிப் பல வருடம். தெரிந்தவர்கள் சொன்ன பிள்ளை பார்க்கும் பெண்கள் எல்லாரிடமும் ஏற்கெனவே கை நிறையப் பிள்ளைகள். விடுப்பை நீட்டலாம் என்றால், சென் தெனியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் மேலாளர் மிக அன்பாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, "தாராளமாக நீட்டுங்கள், மதாம். திரும்பி வரும்போது வேறு கிளையில் இடம் பார்க்கலாம்" என்றிருந்தார். வேறு கிளை எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

மாமா என் மச்சாளின், அதாவது கணவருடைய அக்காவின், இரண்டு பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தவர். ஓய்வுபெற்றவர். கனடியக் கடவுச்சீட்டில் மூன்று மாதம் விசா இல்லாமல் இருக்கலாம். ஆனால் செப்டெம்பர் என்றால் பேஸ்போல் பருவத்தின் கடைசிக் கட்டம். சாதாரணமாக அந்த மாதத்தில் அவர் செத்தவீட்டுக்குக்கூட நேரம் பார்த்துத்தான் போவார் என்று மச்சாள் சொல்லியிருக்கிறா. அப்படிப்பட்டவர் மகனுடைய ஒரு வார்த்தையை நம்பி விமானம் ஏறினார்.

அந்த வார்த்தையைக் காப்பாற்றும் வேலை, வீட்டில் இருக்கிற காரணத்தால், எனக்கு வந்தது.

நான் எதையும் முன்கூட்டியே செய்துவைக்கிற ஆள். செய்த பிறகு, சரியாகச் செய்தேனா என்று யோசிக்கிற ஆளும்கூட. மாமாவுக்குப் புதுத் தலையணை வாங்கி, அது உயரமோ என்று இன்னொன்று வாங்கி, இரண்டையும் அடுக்கிவைத்தால் உண்மையாகவே உயரமாகிவிடும் என்று ஒன்றை ஒளித்துவைத்தேன். பிறகு தெருமுனைத் தொலைபேசிக் கடைக்குப் போனேன். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான எங்கள் லாச்சப்பலில் அந்தக் கடை அண்ணையின் கைபடாத தமிழ்த் தொலைக்காட்சிப் பெட்டி குறைவு. எங்கள் பெட்டியிலும் வி.பி.என் போட்டுத் தந்தவர் அவர்தான். வேறொரு நாட்டில் இருந்து பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளும் அந்த ஏற்பாடு இருந்தால் வெளிநாட்டுத் தமிழ் நிகழ்ச்சிகள் எல்லாம் திறக்கும்.

"அண்ணை, மாமா கனடாவிலை இருந்து வாறார். அவருக்கு அங்கை பாக்கிறதெல்லாம் இஞ்சையும் வரவேணும்."

"அதுக்கென்ன தங்கச்சி," என்று அவர் பெட்டியைக் கையில் வாங்கினார். நான்கைந்து தடவை அழுத்தினார். "இந்தாருங்கோ. இனி உங்கட வீடு கனடா."

நன்றி சொல்லி வாங்கி வந்தேன். மாமா வந்த அன்று தமிழ்ச் செய்தி வாசித்தவர், ஸ்காபரோவில் ஒரு வீதி திருத்த வேலைக்காக மூடப்பட்டிருப்பதாகச் சொன்னார். மாமாவின் முகம் மலர்ந்தது. "அட, அது எங்கட றோட்டு பிள்ளை!" என்றார். நான் பெருமையில் இரண்டாவது தலையணையையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பேஸ்போல் மட்டும் வரவில்லை.

எங்கள் வீட்டில் அறுநூறோ எழுநூறோ சனல். நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனேன். கால்பந்து, றக்பி, குதிரை, சைக்கிள், தரையில் இரும்புக் குண்டு உருட்டும் வயதான ஆண்கள், ஒருவர் மீன் பிடித்துவிட்டு அதைத் திரும்ப ஆற்றில் விடுகிறார். மாமா சோபாவின் ஓரத்தில், மடியில் பேத்தியோடு, மரியாதையாகக் காத்திருந்தார்.

"பரவாயில்லை பிள்ளை," என்றார்.

மாமாவின் பரவாயில்லையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சாப்பாட்டில் உப்புக் கூடினால் வருகிற பரவாயில்லை நிலத்தைப் பார்த்து வரும். தேநீர் ஆறிப்போனால் வருவது சிரிப்போடு வரும். இந்தப் பரவாயில்லை வேறு. திரையையே பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில், இழவு வீட்டில் சொல்கிற மாதிரி வந்தது.

அடுத்த நாள் இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசி எடுத்தேன். பேஸ்போல் பார்க்க எந்தத் தொகுப்பு வாங்க வேண்டும் என்று பிரெஞ்சில் பணிவாகக் கேட்டேன். மறுமுனையில் இருந்த பெண் நெடுநேரம் தட்டச்சு செய்தாள். பிறகு, "மதாம், கைப்பந்து இருக்கிறது. கூடைப்பந்து இருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒத்துவருமா?" என்றாள். அவள் கேட்ட விதத்தில் எனக்கே ஒரு நிமிடம் ஒத்துவரும்போலத் தோன்றியது.

தொலைபேசிக் கடை அண்ணையிடம் போனேன். அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்து என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

"தங்கச்சி, அவர் கேக்கிறது கிரிக்கெட்டா இருக்கும்."

"இல்லை அண்ணை. பேஸ்போல்தான். தொப்பி போட்டுக்கொண்டு ஓடுவினம்."

"கிரிக்கெட்டிலையும் தொப்பி போட்டுக்கொண்டுதான் ஓடுறாங்கள். வடிவாக் கேட்டீங்களே?"

வீட்டுக்கு வரும் வழியில் நான் உண்மையாகவே சந்தேகப்பட்டேன். வந்து மாமாவிடம், "மாமா, நீங்கள் சொல்லுறது பேஸ்போல்தானே?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையோடு பரவாயில்லை வரவில்லை.

மகள் தூங்கியபோது நானே தேடிப் படித்தேன். விஷயம் எளிதாகத்தான் இருந்தது. அந்த அமெரிக்க லீக்குக்குச் சொந்தமாக ஒரு செயலி உண்டு. ஐரோப்பாவில் இருப்பவர்கள் சந்தா கட்டினால் எல்லா அணிகளின் ஆட்டமும் பார்க்கலாம். நேரடியாகவும் பார்க்கலாம், முடிந்த பிறகு முழுப் பதிவாகவும் பார்க்கலாம். அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே நடுச்சாமம், அதற்குப் பதிவு. ஞாயிறுகளில் அங்கே பகல் ஆட்டம், அது இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு நேரடியாக வரும். நான் மூன்று இடங்களில் படித்து மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்று சரிபார்த்தேன். கணவரிடம் காட்டினேன். "பாத்தீரே, நான் அப்பவே சொன்னனான், வருமெண்டு," என்றார்.

சந்தா கட்டினேன். தொலைக்காட்சிப் பெட்டியில் செயலியைப் போட்டேன். ஆட்டங்களின் பட்டியல் வரிசையாக வந்து நின்றது. நியூயோர்க் இருக்கிறது, பொஸ்டன் இருக்கிறது, சிக்காகோ இருக்கிறது. ரொறொன்ரோவும் இருக்கிறது. மாமா சோபாவின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தார்.

ரொறொன்ரோவை அழுத்தினேன். திரை கறுத்தது. நடுவில் ஒரு பூட்டுப் படம். இந்த ஆட்டத்தை நீங்கள் இருக்கும் இடத்தில் பார்க்க முடியாது.

நியூயோர்க்கை அழுத்தினேன், வந்தது. பொஸ்டன் வந்தது. சிக்காகோவில் மழைகூடத் தெரிந்தது. ரொறொன்ரோவை அழுத்தினால் பூட்டு. உலகத்தில் இருக்கும் அத்தனை அணிகளிலும் மாமாவின் அணியை மட்டும் யாரோ எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம் என்று மறித்து வைத்திருந்தார்கள்.

"பரவாயில்லை பிள்ளை. சிக்காகோவைப் போடும்," என்றார் மாமா. ஆளறியாத கலியாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துவிட்டவரைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் பந்தை அரங்கத்துக்கு வெளியே அடித்து எல்லாரும் துள்ளியபோது, "நல்லதுதான், அவைக்கு," என்றார்.

செயலிக்காரருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அடுத்த நாளே பதில் வந்தது. உங்கள் பகுதியில் இந்த அணியின் ஆட்டங்கள் உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு உரியவை, தயவுசெய்து உங்கள் உள்ளூர்த் தொலைக்காட்சியில் பாருங்கள் என்றிருந்தது. நான் அதை ஐந்து தடவை படித்தேன். பாரிசில் ரொறொன்ரோ பேஸ்போலைக் காட்டும் உள்ளூர்த் தொலைக்காட்சி எது? வாடிக்கையாளர் சேவைப் பெண்ணை மறுபடி அழைத்துக் கேட்க எனக்கு முகம் இல்லை.

மின்னஞ்சலை அண்ணையிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"விளங்குது. கனடா போதாது."

"போதாதோ?"

"நான் மொன்றியலிலை விட்டிருக்கிறன். அவர் ரொறொன்ரோ ஆள். பெட்டியைக் கொண்டுவாங்கோ, ரொறொன்ரோவிலையே இறுக்கி விடுறன்."

இறுக்கி விட்டார். பூட்டு அசையவில்லை.

இதற்கிடையில் நான் வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம்தான் மிச்சம். ஒரு பின்னேரம் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, மாமா சமையலறையில் மச்சாளோடு கதைப்பது கேட்டது. ஒலிபெருக்கியில் போட்டுக் கதைப்பது அவர் வழக்கம்.

"எப்பிடியப்பா இருக்கிறியள்?"

"பிள்ளை நல்லாத்தான் பாக்குது. சாப்பாட்டுக்கு ஒரு குறையுமில்லை. இரண்டு தலையணை." குரலைத் தாழ்த்தினார். "அந்த டிக்கெட்டை முன்னுக்கு மாத்தேலுமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாராவன்."

"ஏனப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டுப் பார். இதுகளுக்கு நான் பாரமா இருக்கிற மாதிரியும் கிடக்கு. அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுது."

என் கையில் இருந்த பிள்ளை வழுக்கியது. அவர் போய்விட்டால் என் வேலையும் போய்விடும். அவர் போகாவிட்டாலும், பாரமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இருப்பார். எது மோசம் என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை. இரண்டுக்காகவும் தனித்தனியே கவலைப்பட்டேன்.

இரவு கணவரிடம் சொன்னேன். "அப்பா என்னட்டை ஒண்டும் சொல்லேல்லையே," என்றார்.

"உங்களிட்டைச் சொல்லமாட்டார். நீங்கள்தானே வருமெண்டு சொன்னது."

"சரி, சரி. ஞாயிறு லீவு கேக்கிறன். எங்கையாவது கூட்டிக்கொண்டு போவம். ஈஃபில் கோபுரம் பாத்தவரோ?"

"மூண்டு தரம் பாத்திட்டார். மூண்டு தரமும் பரவாயில்லை எண்டவர்."

ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மத்தியானம் மாமா குளிக்கப் போனார். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. மகளுக்குப் பல் முளைக்கும் கரைச்சல். என் தோளில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதாள். மூன்று வயது வரை திரை காட்டவே கூடாது என்று குழந்தை வைத்தியர் சொல்லியிருக்கிறார். நான் அதை மந்திரம் போலக் கடைப்பிடித்தவள். பேஸ்போல் தேடிய நாட்களில்கூட அவள் முகத்தை மறுபக்கம் திருப்பி வைக்கும்படி மாமாவைக் கேட்டிருக்கிறேன். அன்று கறி அடிப்பிடிக்கும் மணம் வந்ததும் என் கொள்கை தளர்ந்தது. ஐந்தே ஐந்து நிமிடம் என்று எனக்கு நானே சத்தியம் செய்துவிட்டு, பிரெஞ்சு அரசுத் தொலைக்காட்சியின் செயலியைத் திறந்து குழந்தைகள் கார்ட்டூன் ஒன்றை அழுத்தினேன்.

திரை கறுத்தது. இந்த நிகழ்ச்சியைப் பிரான்சுக்கு வெளியே பார்க்க முடியாது.

முதலில் நான் பயந்துதான் போனேன். பிரெஞ்சு அரசே எழுத்தில் சொல்கிறது, நாங்கள் பிரான்சில் இல்லையாம். குடியுரிமைக்குக் கொடுத்த விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. அதனோடு இதற்கு ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று ஒரு கணம், வெட்கத்தோடு சொல்கிறேன், உண்மையாகவே யோசித்தேன். யன்னலுக்கு வெளியே பார்த்தேன். மெட்ரோ பாலத்தின் மேல் இரண்டாம் இலக்க ரயில் போனது. கீழே மரக்கறிக் கடைக்காரர் முருங்கைக்காய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரெஞ்சில் யாரையோ ஏசினார். பிரான்ஸ்தான்.

பிறகு மெதுவாக விளங்கியது.

இனி உங்கட வீடு கனடா.

பிரான்ஸ்காரருக்கு நாங்கள் கனடாவில் இருக்கிறோம். பேஸ்போல்காரருக்கும் நாங்கள் கனடாவில் இருக்கிறோம். கனடாவில் இருப்பவர்கள் அந்த அணியை உள்ளூர்த் தொலைக்காட்சியில்தான் பார்க்க வேண்டும் என்று அந்த மின்னஞ்சல் தெளிவாகத்தான் சொல்லியிருந்தது. உலகம் முழுவதும் மாமாவின் அணியை இந்தச் செயலியில் பார்க்க முடியாத நாடு ஒன்று இருந்தது. மாமாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, வீட்டைத் தூக்கிக்கொண்டுபோய் நான் வைத்தது அந்த நாட்டில்தான். அது போதாதென்று ரொறொன்ரோவிலேயே இறுக்கியும் விட்டிருந்தேன்.

வி.பி.என் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். நிறுத்து என்ற பொத்தானின் மேல் விரலை வைத்துவிட்டு, ஸ்காபரோ வீதிச் செய்திகள் போய்விடுமே, மாமா தேடுவாரே என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கறி முழுதாக அடிப்பிடித்தது. அழுத்தினேன்.

ரொறொன்ரோவின் முந்தின நாள் ஆட்டத்தை அழுத்தினேன். பூட்டு இருந்த இடத்தில் பச்சைப் புல் வந்தது.

அன்று பகல் ஆட்டம் எங்களுக்கு மாலை ஏழரைக்கு. நான் மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி பூட்டு விழுந்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஏழேகால் மணிக்கு, மேசை துடைக்கிற சாட்டில், பெட்டியைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். அரங்கம் தெரிந்தது. நீலச் சட்டைகள் தெரிந்தன. மாமா கையில் இருந்த இடியப்பத் தட்டைக் கீழே வைத்தார்.

"பிள்ளை."

"ஓம் மாமா."

"இது பழசோ?"

"இல்லை மாமா. இப்ப நடக்கப் போறது."

அமெரிக்கத் தேசிய கீதம் பாடினார்கள். மாமா உட்கார்ந்திருந்தார். கனடியக் கீதம் தொடங்கியது. அவர் எழுந்து, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்றார். அவர் நிற்கும்போது நான் எப்படி இருப்பது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கணவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் லீக்ஸ் கட்டு. எங்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஏதோ பெரிய விஷயம் நடந்துவிட்டதென்று பயந்து அவரும் வாசலில் அசையாமல் நின்றார்.

பாட்டு முடிந்ததும் மாமா விறுவிறென்று தன் அறைக்குப் போனார். உள்ளே அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேஸை இழுத்து இறக்கும் சத்தம். சக்கரங்கள் நிலத்தில் மோதின.

"இஞ்சாருங்கோ, மாமா பெட்டி கட்டுறார்," என்றேன் கணவரிடம்.

"இப்பவோ? மாட்ச் தொடங்குதே?"

நான் ஓடிப்போய் அறை வாசலில் நின்றேன். "மாமா, நான் கடைக்கு ஓடினது உங்களாலை இல்லை. நீங்கள் பாரமில்லை மாமா. எங்களுக்கு நீங்கள் இருந்தால்தான்..."

மாமா சூட்கேஸுக்குள் இருந்து நிமிர்ந்தார். கையில் ஒரு நீலத் தொப்பி. வியர்வை ஊறி விளிம்பு வெளுத்த தொப்பி.

"இதை எடுக்க வந்தனான் பிள்ளை. ஆட்டம் இல்லாமல் தொப்பி ஏன் எண்டு வெளியிலை எடுக்கேல்லை." தலையில் வைத்து அழுத்திக்கொண்டார். "ஓடி வாரும், பிச்சர் எறியத் தொடங்கியிருப்பான்."

அன்று அவர்கள் தோற்றார்கள். மாமா நடுவரைத் தமிழில் ஏசினார், தன் அணியை ஆங்கிலத்தில் ஏசினார், இடையிடையே பேத்தியிடம், "பாத்தியோடா குஞ்சு, கண் தெரியாத பேயன்," என்று நியாயம் கேட்டார். ஒரு பரவாயில்லைகூட வரவில்லை. பேத்தி அவர் நெஞ்சில், அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே, பல் வலியை மறந்து தூங்கிப்போனாள். நான் அவள் முகத்தைத் திரைக்கு மறுபக்கம் திருப்பினேன். தூங்கும் பிள்ளைக்கு அது தேவையா என்று யோசித்தேன். இருந்தாலும் திருப்பினேன்.

ஆனாலும் டிக்கெட் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு போதாது. வாரநாள் ஆட்டங்கள் எல்லாம் பதிவில்தான், காலையில். பதிவில் பார்ப்பவருக்கு முடிவு முன்னமே தெரியக்கூடாது என்பதை நான் இரண்டாம் நாளே கற்றுக்கொண்டேன். செயலியில் முடிவுகளை மறைத்துவைக்க ஒரு வசதி இருந்தது. எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அப்படி ஒரு வசதி இல்லை. மாமா கண் விழித்துத் தொலைபேசியை எடுத்தால், ஸ்காபரோவில் இருந்து மச்சாள் படுக்கப்போகுமுன் போட்ட அழுமூஞ்சிப் படங்கள் வரிசையாக நிற்கும். பிறகு எதைப் பார்ப்பது?

"நான் கடைசிப் பக்கத்தை முதல் வாசிக்கிற ஆள் இல்லை, பிள்ளை," என்றார் மாமா வருத்தமாக.

அதனால் ஒவ்வொரு இரவும் அவர் தொலைபேசியை வாங்கி அரிசி வாளிக்குள் வைத்து மூடினேன். காலையில் ஆட்டம் முடிந்த பிறகுதான் எடுப்பது. ஆனால் நான் வேலைக்குப் போன பிறகு பிள்ளைக்கு ஏதாவது என்றால்? வீட்டுத் தொலைபேசியை அலுமாரிக்குள் இருந்து எடுத்துத் தூசு தட்டி, என் இலக்கத்தை ஒட்டிவைத்தேன். அதற்கு வரும் அழைப்பு வேறு யாருடையதாகவும் இருந்தால் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.

தொப்பி இன்னொரு ஆபத்து. லாச்சப்பலில் பேஸ்போல் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் மரக்கறிக் கடைக்காரர்தான் என்பதும், அவருடைய தம்பி ஸ்காபரோவில் இருக்கிறார் என்பதும் மாமா தொப்பியோடு பால் வாங்கப் போன அன்றுதான் தெரியவந்தது.

"ஐயா!" என்று அவர் தெருவின் மறுகரையில் இருந்தே கூப்பிட்டாராம். "உங்கட ஆக்கள் ராத்திரி நல்லா வாங்கிக் கட்டினவையாம்!"

மாமா பால் வாங்காமல் திரும்பி வந்தார். அதன் பிறகு ஆட்டம் பார்த்து முடியும்வரை தொப்பி இல்லாமலே வெளியே போனார்.

மறு வாரம் செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போனேன். மகள் அழவில்லை. நான் படிக்கட்டில் நின்று அவள் அழுகிறாளா என்று கேட்டுவிட்டு, அழாததற்காகக் கொஞ்சம் அழுதேன். பத்து மணிக்கு வீட்டுக்கு எடுத்தேன்.

"சாப்பிட்டாளோ மாமா?"

"ஓம், சாப்பிட்டிட்டா. நித்திரை."

"நீங்கள் ஆட்டம் பாத்திட்டீங்களோ?"

"எங்கை? விடிய முழுக்கத் தோளிலைதான். பின்னேரம் நீரும் வந்தாப்போலை சேர்ந்து பாப்பம்."

நல்லது என்று வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டின்போது, குழுவில் எழுத வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டிருந்த மச்சாள், மிகக் கவனமாக எனக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தா: அப்பா பாத்திட்டாரோ? கடைசி இன்னிங்ஸிலை திருப்பிப் போட்டு வெண்டுட்டாங்கள்!

இனி அந்த இரகசியத்தை நான் பின்னேரம்வரை சுமக்க வேண்டும். பதின்மூன்றாம் இலக்க மெட்ரோவில் யன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டு வந்தேன். சிரிக்கக்கூடாது. சோகமாகவும் இருக்கக்கூடாது. ஒன்றும் தெரியாத ஒருத்தியின் முகம் எப்படி இருக்கும்? எதிரே நின்றவர் தனக்கு ஏதோ சொல்கிறேன் என்று நினைத்து இடம் விட்டுத் தந்தார்.

வீட்டுக் கதவைத் திறந்தேன். மாமா பிள்ளையோடு தயாராக உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி," என்றார். "தோத்திட்டினம்."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே மாமா!"

"நீர் சொல்லவேணுமே? முகத்திலை எழுதிக் கிடக்கு."

தோற்கப்போகும் ஆட்டத்தைப் பார்ப்பவராகவே அவர் அதைப் பார்த்தார். எட்டு இன்னிங்ஸ்வரை எல்லாம் அவர் எதிர்பார்த்தபடியே நடந்தது. கடைசி இன்னிங்ஸில் தொப்பியைக் கழற்றி, உட்பக்கத்தை வெளியே திருப்பித் தலையில் வைத்தார். பின்தங்கி நிற்கும் அணிக்கு அப்படி ஒரு வழக்கமாம். "உதாலை ஒண்டும் நடக்கப் போறதில்லை, இருந்தாலும் செய்யிறதைச் செய்யவேணும்," என்றார் பேத்தியிடம். பிறகு ஒருவன் அடித்தான். பந்து போய்க்கொண்டே இருந்தது.

மாமா எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சோபாவைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினார். சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்த கணவரையும் ஒரு கையால் இழுத்துக்கொண்டு ஓடினார். பிள்ளை கைகொட்டிச் சிரித்தாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"உமக்கு முதலே தெரியும், என்ன?"

"மச்சாள் சொன்னவா, மாமா."

"பின்னை ஏன் அப்பிடி ஒரு முகத்தோடை வந்தனீர்?"

"என்ரை முகமே அதுதான், மாமா."

கணவர் சத்தம் போட்டுச் சிரித்தார். "அப்பா, அவ சந்தோஷமா இருந்தாலும் அதுதான் முகம். எங்கட கலியாணப் படம் பாக்கேல்லையே?"

மாமா என்னை நெடுநேரம் பார்த்தார். நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவரைப் போல முகம் மலர்ந்தது. "நல்லது பிள்ளை. உம்மிலை இருந்து ஒருத்தராலும் முடிவைக் கண்டுபிடிக்கேலாது."

அன்று இரவு மச்சாள் எடுத்தா. வழக்கம் போல ஒலிபெருக்கி.

"அப்பா, டிக்கெட்காரர் ஒரு திகதி சொல்லுகினம். மாத்தட்டே?"

நான் தட்டுக் கழுவுவதை நிறுத்தினேன். தண்ணீரையும் நிறுத்தினேன்.

"எந்த டிக்கெட்? ஓ, அதோ? விடு பிள்ளை. அங்கை இருந்தால் தேத்தண்ணிக் கடையிலை ஒருத்தன் சொல்லுவான், பஸ்ஸிலை ஒருத்தன் சொல்லுவான், முடிவு தெரியாமல் ஒரு ஆட்டம் பாக்க விடமாட்டாங்கள். இஞ்சை அந்த மரக்கறிக்காரனை விட்டால் ஒருத்தனுக்கும் ஒண்டும் தெரியாது."

"ஒக்டோபரோடை பேஸ்போல் முடிஞ்சிடுமே அப்பா. நவம்பர் முழுக்க என்ன செய்வியள்?"

"உதுக்குள்ளை பழைய ஆட்டமெல்லாம் கிடக்காம். பிள்ளை தேடி எடுத்துத் தரும்."

நான் தேடி எடுத்துத் தருவேன் என்று எப்போது சொன்னேன்? நினைவில்லை. எல்லாப் பழைய ஆட்டங்களும் இருக்குமா, சில இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கினேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

மாமா கதைத்து முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் அரிசி வாளியைத் திறந்து, தொலைபேசியை அரிசிக்குள் நன்றாகப் புதைத்து, மூடியை இரண்டு கையாலும் அழுத்தி மூடிவிட்டுப் படுக்கப் போனார்.